பூஞ்சணம் பிடித்த கேசட்டில் டெபேஷ் மோட்

வாசகர் கேள்வி – பதில்

சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியையே முழு இசைக்குழுவாக வைத்துப் பாடிய 80களின் சிந்த்-பாப் குழுக்களைப் பற்றி மலையக வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அதிகம் கேட்கப்படுவது டெபேஷ் மோட். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள பசில்டனில் 1980இல் உருவான குழு இது. ரெக்கோர்டிங் பாரில் பதிந்து வாங்கிய கேசட்டை இன்றும் அலமாரியில் பொத்தி வைத்திருப்பவர்கள்தான் இந்தக் கடிதங்களை எழுதியவர்கள். அந்தக் கேசட்டுகள் இன்னும் பல வருடம் ஓட வேண்டும் என்பதால், முதலில் அவற்றின் உடல்நலத்தைப் பார்ப்போம்.

கேள்வி: டெபேஷ் மோட்டின் ‘பிளாக் செலிப்ரேஷன்’ கேசட்டை மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தேன். நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. ஒரு முறை போட்டுப் பார்க்கலாமா? – வாசகர், தலவாக்கலை

போடாதீர்கள், ஒரு முறைகூட. அது பூஞ்சணம். நாடாவில் இரும்பு ஒக்சைட்டைப் பிடித்து வைத்திருக்கும் பசையிலும், தூசிலும், விரல் பட்ட எண்ணெயிலும் அது வளரும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் அதற்குப் போதும். தென்மேற்குப் பருவ மழையில் உங்கள் பக்கத்து வீடுகளுக்குள் அந்த ஈரம் தானாகவே வந்துவிடும்.

பூஞ்சணத்தோடு ஓடவிட்டால் அது பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, மேல்ஸ்தாயி ஒலிகள் முதலில் மங்கும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், பிரியும்போது ஒக்சைட் உரிந்து வந்துவிடும். அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். பிறகு அதே பிளேயரில் போடும் நல்ல கேசட்டுக்கும் வித்துகள் தொற்றும்.

முதல் வேலை உலர்த்துவது. இறுக மூடும் 10 லீற்றர் பிளாஸ்டிக் டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, கேசட்டை உறை இல்லாமல் இரண்டு கிழமை வையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் சேறுபோல இழுபடும். காய்ந்தால் பொடியாக உதிரும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கிடைத்தால் நல்லது. எப்போது மாற்றுவது என்று அதுவே சொல்லிவிடும். அடுப்புக்கு மேலேயோ வெயிலிலோ வைக்க வேண்டாம், ஓடு வளைந்து சுருள் சிக்கும். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், அரிசி மாவு சுருளுக்குள் போய்விடும்.

இரண்டாவது துடைப்பது. இதை வீட்டுக்குள் செய்யாமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து செய்யுங்கள். கேசட்டில் ஐந்து திருகாணிகள் இருக்கும். மூடியைத் தூக்கியவுடன், எதையும் தொடுவதற்கு முன், நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்ட ஓடு என்றால் கத்தியால் மெல்லப் பிளந்து, சுருள் இரண்டையும் திருகாணி உள்ள வேறொரு வெற்றுக் கேசட்டின் ஓட்டுக்கு மாற்ற வேண்டும்.

சுருளின் இரு முகங்களையும் மெல்லிய தூரிகையால், காய்ந்தபடியே தட்டி விடுங்கள். பிறகு ஓட்டை மூடி, நூல் பிரியாத மெல்லிய துணியை நாடாவின் இரு பக்கமும் இலேசாகப் பிடித்துக்கொண்டு, ஆறு மூலைப் பென்சிலால் கையாலேயே சுற்றுங்கள். 60 நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 90 மீற்றர் நாடா இருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். துணியின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் விளிம்பு மடிந்து, அதன்பின் ஒரு பக்க ஸ்பீக்கரில் சத்தம் விட்டுவிட்டு வரும். 90 நிமிட நாடா இன்னும் மெல்லியது, 120 நிமிடத்தது அதைவிட மெல்லியது. அவற்றில் இரட்டிப்பு நிதானம் வேண்டும். நாடாவின் மேல் எந்தத் திரவமும் படக்கூடாது. ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஓட்டுக்கும் பிளேயரின் ஹெட்டுக்கும் மட்டுமே. பாமசியில் கிடைக்கும் சில ஸ்பிரிட்களில் எண்ணெய் கலந்திருக்கும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

பத்திரப்படுத்தும்போது இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று பூச்சி உருண்டை. நப்தலின் ஆவி பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். கேசட்டின் கண்ணாடிப் பெட்டி அந்தப் பிளாஸ்டிக்தான். மற்றது பழைய தேயிலைப் பெட்டி. பார்க்க அழகு, ஆனால் பலகை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கேள்வி: என் கேசட்டில் ‘என்ஜாய் த சைலன்ஸ்’ போனில் கேட்பதைவிட உயரமாகவும் வேகமாகவும் இருக்கிறது. எனக்குக் கேசட்டில் உள்ளதுதான் சரியாகப் படுகிறது. எது உண்மையான வேகம்? – வாசகர், மஸ்கெலியா

1990இல் வெளியான அந்தப் பதிவு நிமிடத்துக்குச் சுமார் 113 தட்டு. வேகத்தைப் பற்றிய பேச்சு இந்தப் பாட்டுக்குப் பிறவியிலேயே வந்த விஷயம். டெபேஷ் மோட்டின் மார்ட்டின் கோர் முதலில் கொண்டுவந்தது ஆர்மோனியத்தோடு மெதுவாகப் பாடிய ஒரு மாதிரிப் பதிவு. அதை வேகமாக்கித் தாளம் சேர்க்கலாம் என்றவர் அப்போது குழுவில் இருந்த அலன் வைல்டர்.

உங்கள் கேசட் வேகமாக ஓடுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வேறு நான்கைந்து கேசட்டுகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாமே வேகம் என்றால் பிளேயரின் மோட்டார்தான். பெரும்பாலான மோட்டார்களின் பின்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே வேகத்தைத் திருத்தும் திருகு. சிறிய பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை அளவே திருப்புங்கள். அந்த ஒன்று மட்டும் வேகம் என்றால், பதிந்த இடத்து டெக் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் டெக்கில் பதிந்தது, சரியாக ஓடும் டெக்கில் வேகமாகக் கேட்கும். பிரதியிலிருந்து பிரதி எடுத்திருந்தால் இந்தப் பிழை கூடிக்கொண்டே போகலாம்.

இந்த வகைக்கு மருந்து கணினியில். பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து, இல்லாவிட்டால் ஹெட்போன் துளையிலிருந்து, ஸ்டீரியோ லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. ஓடியோ கருவிக்கு வயர் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் மோனோ. அதில் குத்தினால் இடது வலது இரண்டும் ஒன்றாகிவிடும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிகாபைட் அளவு இடம் வேண்டும். பின்னணியில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள். பல வீடுகளில் அதோடு நின்றுவிடும்.

பதிவதற்கு முன் ஹெட்டின் சாய்வைப் பார்க்க வேண்டும். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டால், ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகாணியின் நிலையை முதலில் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோனோவில் கேட்டபடி கால் சுற்றுக்குள் மட்டும் இரு பக்கமும் திருப்பி, ஹை-ஹாட் தாளத்தட்டின் சத்தம் எங்கே கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

வேகத்தைத் திருத்தும் கணக்கு எளிது. நல்ல பதிவில் தெளிவான இரண்டு அடிகளுக்கு இடையே 200 விநாடி, உங்கள் கேசட்டில் அதே இடைவெளி 193 விநாடி என்று வையுங்கள். 193ஐ 200ஆல் வகுத்தால் 0.965. இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி என்ற மென்பொருளில் வேக மாற்றத்துக்கு அந்த 0.965ஐக் கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொடவே வேண்டாம். நாடாவின் பிழை சுருதியையும் தாளத்தையும் சேர்த்தே மாற்றியிருக்கிறது; இரண்டையும் சேர்த்தே திருப்ப வேண்டும். ஒரு முழு அரைச்சுரம் உயர்ந்திருந்தால் 5.6 சதவீதம் குறைக்க வேண்டி வரும்.

திருத்தாத பிரதியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடமாக நீங்கள் கூடவே பாடிய சுருதி அதில்தான் இருக்கிறது. அதை அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அண்ணனின் கேசட் உறையில் ‘ஒன்லி யூ’ டெபேஷ் மோட் பாட்டு என்று எழுதியிருக்கிறது. ஆனால் பாடுவது பெண் குரல். யார் அவர்? – வாசகி, பண்டாரவளை

அலிசன் மோயெட். குழுவின் பெயர் யாஸூ, பாட்டு 1982. உறையில் எழுதியவரை முழுதாகக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் பாட்டை எழுதிய வின்ஸ் கிளார்க் டெபேஷ் மோட்டைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். ‘ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்’ அவர் எழுதியதுதான். முதல் ஆல்பம் வந்த 1981இலேயே விலகிப் போய் யாஸூவைத் தொடங்கினார். இரண்டு ஆல்பங்களோடு அது முடிந்தது. 1985இல் ஆண்டி பெல்லோடு இரேஷர் குழு. கிளார்க் போன பிறகு டெபேஷ் மோட்டின் பாட்டெழுத்து பெரும்பாலும் மார்ட்டின் கோரின் கைக்கு வந்தது. 1982இன் ‘எ புரோக்கன் ஃபிரேம்’ முழுக்க அவருடையது. முதல் ஆல்பத்தின் துள்ளல் அதில் குறைந்து இருள் கூடத் தொடங்குகிறது. அதே வருடம் வந்து சேர்ந்த அலன் வைல்டர் 1995 வரை இருந்தார். தொடங்கிய நால்வரில் இன்னொருவரான ஆண்டி ஃப்ளெட்சர் 2022 மே மாதம் காலமானார். இப்போது பாடகர் டேவ் கேஹனும் மார்ட்டின் கோரும் மட்டும்.

உறையில் உங்கள் அண்ணனின் எழுத்தை அழிக்காமல், உள்ளே ஒரு துண்டுத்தாளில் சரியான பெயரை எழுதி வையுங்கள்.

கேள்வி: வீட்டில் சாதாரண கீபோர்ட் ஒன்று இருக்கிறது. டெபேஷ் மோட்டின் முதல் ஆல்பத்துச் சத்தம் அதில் வருமா? நானும் மகளும் எவ்வளவு முயன்றாலும் கல்யாண வீட்டு பேண்ட் மாதிரியே கேட்கிறது. – வாசகர், பதுளை

வரும். உங்கள் கீபோர்ட்டில் சத்தம் போதாமல் இல்லை, தேவைக்கு அதிகமாக இருக்கிறது. முதல் ஆல்பமான ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ காலத்தில் அவர்களிடம் இருந்தவை யமஹா சி.எஸ்.-5, மூக் புரோடிஜி, ஒரு கவாய் போன்ற சிறு கருவிகள். இவற்றில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். அதனால் பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கோர்ட் என்ற பேச்சே இல்லை. ஒருவர் கீழே ஒரு வரி, மற்றவர் நடுவில் ஒன்று, இன்னொருவர் மேலே ஒன்று. கொழுந்துக் கூடை முடையும்போது ஒரு நார் மேலே போக மற்றது கீழே வருவதுபோல, வரிகள் ஒன்றின் இடைவெளியில் ஒன்று புகுந்து பாட்டாகின்றன. தயாரிப்பாளர் டேனியல் மில்லரின் ஏ.ஆர்.பி. 2600 சிந்தசைசர் அதற்கு மேல் வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டுகள் இன்றும் சலிக்காமல் இருப்பதற்கு இந்த ஒற்றைச் சுர நெசவுதான் காரணம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஆகவே முதலில், தானாகவே பக்கவாத்தியம் வாசிக்கும் ஓட்டோ அக்கம்பனிமென்ட் ஸ்டைலை நிறுத்துங்கள். கல்யாண வீட்டு பேண்ட் அதற்குள்தான் இருக்கிறது. அடுத்து டச் ரெஸ்பொன்ஸை அணையுங்கள். அந்தக் கருவிகளுக்கு மெல்ல அழுத்துவதும் ஓங்கி அழுத்துவதும் ஒன்றே. உங்கள் கீபோர்ட் அதை வேறுபடுத்தினால் இயந்திரத் தன்மை போய்விடும். மூன்றாவது, கீழ்ச்சுர வரியான பேஸுக்கு ரிவேர்ப் என்ற எதிரொலி வேண்டாம்.

சத்தங்களைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கீபோர்ட்டுகளுக்குப் பொதுவான ஜெனரல் மிடி சத்த வரிசையில் 39 சிந்த் பேஸ், 81 சதுர அலை லீட், 82 ரம்பப்பல் அலை லீட், 51 சிந்த் ஸ்ட்ரிங்ஸ். சில கீபோர்ட்டுகள் எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இன்னும் சில தங்கள் சொந்தச் சத்தங்களை முன்னால் வைத்திருக்கும். எண்ணை மட்டும் நம்பினால் ஸ்ட்ரிங்ஸுக்குப் பதில் வயலின் வந்து நிற்கும்.

இனி வாசிப்பு. பேஸை ஒரே விரலால், ஒரு தட்டுக்கு இரண்டு சுரமாக வாசியுங்கள். சுரத்தின் பாதி நேரத்திலேயே விரலை எடுத்துவிட வேண்டும். மிச்சப் பாதி மௌனம்தான் துள்ளலைத் தருகிறது. விரலை எடுக்காமல் இழுத்தால் கோவில் ஆர்மோனியம் ஆகிவிடும். மகள் மேல்வரியை 81இல் வாசிக்கட்டும். மூன்றாவது ஆள் இல்லையென்றால், கீபோர்ட்டின் ரெக்கோர்டரில் பேஸை முதலில் பதிந்துவிட்டு அதன்மேல் வாசிக்கலாம்.

தாளத்துக்கு ஒரு தாளில் 16 கட்டம் போடுங்கள். 1, 5, 9, 13 கட்டங்களில் கிக் (பெரிய டிரம்). 5, 13 இரண்டிலும் ஸ்னேர் (சிறிய டிரம்). 3, 7, 11, 15இல் ஹை-ஹாட். ஸ்விங் பூச்சியம், எல்லா அடிக்கும் ஒரே பலம். மெட்ரோனோம் 120 முதல் 130க்குள். இடையில் உருட்டல் எதுவும் சேர்க்க வேண்டாம், கை துடித்தாலும் வேண்டாம்.

கணினி இருந்தால் சர்ஜ் எக்ஸ்.டி. என்ற இலவச சிந்தசைசரில் இன்னும் நெருங்கலாம். சத்தத்தைப் பிறப்பிக்கும் ஒஸிலேட்டர் ஒரே ஒன்று, ரம்பப்பல் அலை. உயர் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் 400 ஹேர்ட்ஸ் பக்கம், ரெசனன்ஸ் 15 சதவீதம். ஃபில்டர் என்வலப்பில் டீகே (தணியும் நேரம்) 250 மில்லிசெக்கன், சஸ்டெயின் பூச்சியம். சத்தம் எழும் நேரமான அட்டாக்கைப் பூச்சியத்தில் வைத்து ஒவ்வொரு சுரத்திலும் ‘டிக்’ என்று கேட்டால் 2, 3 மில்லிசெக்கனுக்கு உயர்த்துங்கள். பல ஒஸிலேட்டரைச் சுருதி விலக்கி அடுக்க வேண்டாம். அந்தக் கொழுத்த சத்தம் 90களின் பிற்பகுதியில் பரவியது. 1981க்கு அது அந்நியம்.

கேள்வி: அவர்கள் இரும்பைத் தட்டி இசை செய்தார்கள் என்பது உண்மையா? – வாசகர், அப்புத்தளை

உண்மை. 1983இன் ‘கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்’ ஆல்பத்துக்காகக் கைவிடப்பட்ட இடங்களுக்குப் போய் இரும்பையும் குழாயையும் தட்டிப் பதிந்து, சிங்கிளவியர் என்ற கருவியில் ஏற்றிக் கட்டையில் வாசித்தார்கள். கலவை வேலை பேர்லினின் ஹன்சா ஸ்டுடியோவில் நடந்தது. அடுத்த வருடம் வந்த ‘பீப்பிள் ஆர் பீப்பிள்’ பாட்டில் அந்த உலோகச் சத்தத்தின் முழு வலிமையையும் கேட்கலாம்.

நீங்களும் செய்து பார்க்கலாம். இரும்பு வாளி, கைவிட்ட குழாய், தகரக் கதவு எதுவும் சரி. போனை 30 சென்ரிமீற்றர் தள்ளி வைத்து, ஒரு பொருளுக்குப் பத்து அடி பதியுங்கள். மழை தகரக் கூரையில் விழும் நேரத்தில் பதிந்தால் அந்த இரைச்சலைப் பிறகு பிரிக்கவே முடியாது. அடி விழும் கணத்துக்கு முன்னால் உள்ள மௌனத்தைச் சுத்தமாக வெட்டுங்கள். 20 மில்லிசெக்கன் மிச்சமிருந்தாலும் தாளம் பின்தங்கும். பிறகு வேகத்தைப் பாதியாக்கினால் வாளி ஆலைச் சத்தமாகிவிடும்.

கேள்வி: பிளேயரில் மோட்டார் சுற்றுகிறது, கேசட் சுற்றவில்லை. திறந்தால் உள்ளே தார் மாதிரிக் கறுப்பு. – வாசகர், ஹட்டன்

இறப்பர் பெல்ட் உருகியிருக்கிறது. விரலால் தொடாதீர்கள், நாள்கணக்கில் போகாது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்து, ஒவ்வொரு சில்லின் பள்ளத்தையும் கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். துளி மிஞ்சினாலும் புது பெல்ட் வழுக்கிப் பாட்டு அலையும். அளவுக்குப் பழைய பெல்ட் இல்லாததால், பெல்ட் போன வழியே ஒரு நூலைச் சுற்றி நீளத்தை எடுத்து, அதில் 5 சதவீதம் கழித்துக் கடையில் கேளுங்கள். அதைவிட இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் பேரிங் தேயும். நாடாவை அழுத்தி இழுக்கும் இறப்பர் உருளையைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அது பளபளத்து வழுக்கினால் பிளேயர் நாடாவைத் தின்னும்.

கேள்வி: என் கேசட்டில் உள்ள ‘ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்’ ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. யாராவது ஒட்டி நீட்டியதா? – வாசகி, கண்டி

இல்லை. ‘ஸ்கிட்ஸோ மிக்ஸ்’ என்ற 12 அங்குல இசைத்தட்டு வடிவம் அது. ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ ஆல்பத்தின் பிரித்தானியப் பதிப்பில் சிறிய வடிவமும், அமெரிக்கப் பதிப்பில் இந்த நீண்ட வடிவமும் வந்தன. அந்தக் கேசட்டில் ‘ட்ரீமிங் ஒஃப் மீ’யும் இருந்தால் உங்கள் பிரதி அமெரிக்கப் பதிப்பிலிருந்து பதிந்ததாக இருக்கலாம். இதுபோலவே இன்னொரு சிந்த்-பாப் குழுவான பெட் ஷொப் போய்ஸின் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ 1984இல் ஒருமுறையும் 1985இல் வேறு தயாரிப்பாளரோடு மறுமுறையும் பதியப்பட்டது. பழைய கேசட்டில் எது இருக்கிறது என்று பார்ப்பதே ஒரு சுகம்.

கேள்வி: பிளேயரில் பேட்டரி வைக்கும் இடத்தில் வெள்ளையாகப் பொங்கியிருக்கிறது. எதைக் கொண்டு துடைப்பது? – வாசகர், நாவலப்பிட்டி

கழற்றிய பேட்டரியின் உறையை வாசியுங்கள். அல்கலைன் என்றிருந்தால் கசிந்தது காரம். பஞ்சுக் குச்சியில் வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைக்க நுரைத்துக் கரையும். சாதாரண சிங்க்-கார்பன் என்றால் கசிந்தது அமிலத் தன்மையானது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். மாற்றிப் போட்டால் கறை அப்படியே நிற்கும். பிறகு சுத்தமான தண்ணீர் தொட்ட துணி, ஒரு நாள் உலரவிடுதல், ஸ்பிரிங்கில் மெல்லிய உப்புத்தாள். ஸ்பிரிங் பச்சை நிறமாகி உதிர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும்.